என் பேத்திக்கு நான் கொடுத்த சீனி வருத்தம்

எங்கள் மாடிக்கட்டடத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு அனேகமாக இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறோம். காலையில் லிஃப்டுக்குள் இரண்டு வயதானவர்கள் சந்தித்தால் வணக்கம் சொல்லுமுன் "எவ்வளவு?" என்று கேட்டுக்கொள்வார்கள். வெறுவயிற்றில் சோதித்த இரத்தச் சீனியின் அளவைத்தான் கேட்கிறார்கள். குறைத்துச் சொல்பவருக்கு அன்று முழுவதும் ஒரு நிமிர்வு இருக்கும். கூடச் சொல்பவருக்குக் கீழ்த்தளம் வருவதற்குள் பல வைத்தியங்கள் கிடைத்துவிடும். சீனி வருத்தம் மரியாதையான வருத்தம். அதைச் சொல்ல எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. ஆகவே என் பேத்திக்கு ஊரறிய ஒரு வருத்தம் தேவைப்பட்டபோது நான் அதைத் தெரிவு செய்தேன்.

அவளுக்கு இருந்தது வலிப்பு.

நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு விலங்கியல் படிப்பித்தவன். நரம்புக்கலம் ஒன்றைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். மூளையின் குறுக்குவெட்டு முகத்தைக் கீறும்போது கடைசி வரிசை மாணவன்கூடக் கதையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். என்னிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் பிறருடைய மூளையைத் திறந்து பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட நான், என் வீட்டுப் பிள்ளையின் மூளையில் ஒரு கோளாறு இருக்கிறது என்று அயலுக்குச் சொல்ல வெட்கப்பட்டேன். எழுதி வைக்க விரும்புவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதனால் வந்தது.

மனைவி போனபின் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் குழந்தையும் நானும். அவளுக்கு எட்டு மாதமளவில் அந்தக் கும்பிடு தொடங்கியது. மாலையில் அவள் நித்திரையால் எழும்பும் நேரமும் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றும் நேரமும் ஒன்று. மகள் அவளை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன் இருப்பாள். குழந்தையின் தலை சட்டென்று குனியும். கைகள் இரண்டும் விரிந்து, பின் நெஞ்சுக்கு நேரே கூடும். நிமிர்வாள். சற்றுப் பொறுத்து மறுபடி குனிவாள்.

"பாருங்கோ, கும்பிடுறாள்" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

எதிர்வீட்டில், மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். என்னைவிடச் சற்று இளையவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். அவர் அந்தக் கும்பிடைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்.

"மாஸ்டர், இது போன பிறப்பில எந்தக் கோயில் வாசல்ல கிடந்த ஆத்மாவோ."

அதன்பிறகு எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் விளக்கேற்றும் வரை மறித்து வைத்தேன். "இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன். பிள்ளை கும்பிடுறதைப் பாத்திட்டுப் போகலாம்." வந்தவர்களும் பார்த்தார்கள். சிலர் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு குனிவும் அந்தச் சின்ன மூளைக்குள் அடித்த ஒரு புயல் என்று, விலங்கியல் மாஸ்டர் உட்பட, அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தவர் மருமகன். அவர் கட்டடத் துறையில் அளவு பார்ப்பவர். எதையும் நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஒரு மாலை குழந்தை அவர் தோளில் இருந்தபடியே கும்பிட்டது.

"மாமா, சாமிப்படம் அந்தப் பக்கமெல்லோ? இவள் ஃப்ரிட்ஜைக் கும்பிடுறாள்."

"ஆண்டவன் எல்லா இடத்திலும் இருக்கிறார்" என்றேன்.

அவர் கைத்தொலைபேசியை எடுத்து வீடியோ பிடித்தார். மறுநாள் பொரளைப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பு வைத்தியரிடம் அதைக் காட்டினோம். அந்த அம்மா அதை ஒருமுறைதான் பார்த்தார். பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பி, "எவ்வளவு நாளாக?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பல வாரமாக நாங்கள் அதற்கு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம் என்பதை எப்படிச் சொல்வது?

உடனே சிகிச்சை தொடங்கினார்கள். முதலில் கொடுத்த மருந்துக்கு அவள் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. கன்னம் கண்ணை மறைத்தது. கும்பிடு நின்றது, ஆனால் அவளால் தன் பாரத்தையே தூக்கித் தவழ முடியவில்லை. லிஃப்டுக்குள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இப்பதான் பிள்ளை தேறியிருக்கு" என்றார்கள். "என்ன குடுக்கிறியள்?" என்றும் கேட்டார்கள். நான், "எல்லாம் குடுக்கிறம்" என்றேன்.

சில காலம் அமைதியாக இருந்தது. நடக்கத் தொடங்கினாள். சில சொற்கள் வந்தன. எங்கள் ஜன்னலுக்குக் கீழே கடலோரமாக ரயில் போகும். அதைக் கண்டால் "கூ" என்பாள். அம்மா, பால், போ என்பாள். பிறகு வலிப்பு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. விளையாடிக்கொண்டிருக்கும்போது கண் ஒரு இடத்தில் நிலைகுத்தும், உதடு துடிக்கும், சில வேளை விழுந்து உதறுவாள். ஒரு மருந்து, அதற்கு மேல் இன்னொரு மருந்து. மருந்து கூடக்கூட நித்திரை கூடியது. சோற்றுக் கோப்பைக்கு முன் இருந்தபடியே தூங்குவாள்.

"எவ்வளவு அமைதியான பிள்ளை" என்றார் எதிர்வீட்டு ஐயா. "எங்கட பேரன் எண்டால் இந்நேரம் திரைச்சீலையில தொங்குவான்."

திரைச்சீலையில் தொங்கும் அந்தப் பேரன்மீது எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பக்தி, கொழுகொழுப்பு, அமைதி என்று எங்கள் அயல் ஒரு பெண்பிள்ளையில் பாராட்டும் குணங்கள் எல்லாம் என் பேத்திக்கு இருந்தன. அவற்றில் ஒன்று நோய், மற்றவை மருந்து. அவளுடையது என்று எதுவும் வெளியே வரவில்லை. வந்திருந்த சொற்களும் ஒவ்வொன்றாகப் போயின. பால் போனது. அம்மா போனது. கடைசியாக "கூ"வும் போனது. ரயில் போனால் தலையைக்கூடத் திருப்பமாட்டாள்.

நான் வைத்தியரிடம் கேட்டேன். பிள்ளை பின்தங்குவது வலிப்பாலா, மருந்தாலா? வினாத்தாளில் பகுதி ஒன்றுக்கு எத்தனை புள்ளி, பகுதி இரண்டுக்கு எத்தனை புள்ளி என்று கேட்கும் தோரணை எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இரண்டும் சேரும், இரண்டுக்கும் அடியில் உள்ள காரணமும் சேரும், பிரித்துக் கொடுக்க அவராலும் முடியாது. மருந்து மந்தப்படுத்துகிறது என்று நிறுத்தினால் வலிப்பு அதைவிட மோசமாக மந்தப்படுத்தும். வளர்கிற மூளை கற்க வேண்டிய நேரத்தை வலிப்பு எடுத்துக்கொள்கிறது. ஆகவே வலிப்பைக் குறைக்க வேண்டும், முடிந்தால் மருந்தையும் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு வழி பார்க்கலாம் என்றார்.

வழி என்பது சாப்பாடு. அரிசி, பாண், பழம், சீனி ஒன்றும் இல்லாமல் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பாகவே கொடுப்பது. உடம்பு சீனியை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்குமாம். ஏன் என்பது முழுக்கத் தெரியாது. எல்லோருக்கும் சரிவராது. வீட்டில் தானாகச் செய்யும் காரியமும் அல்ல. அவர்கள் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள், இரத்தம் பார்ப்பார்கள், சில மாதம் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். அந்தச் சில மாதத்துக்குள் களவாக ஒரு டொஃபி போனாலும் பலன் கெட்டுவிடும்.

எங்கள் வீடு முட்டை காணாத சைவ வீடு. ஒரே வாரத்தில் குசினி அடையாளம் தெரியாமல் போனது. பட்டர், கிரீம், தேங்காய் எண்ணெய், அவகாடோ, ஒரு தட்டு நிறைய முட்டை. மருமகன் செட்டியார் தெருவுக்குப் போய் நகைக்கடைக்காரர்கள் பாவிக்கும் மின்தராசு ஒன்றை வாங்கி வந்தார். விடியக் காலையில் அவர் பட்டரை ஊசிமுனையளவு சுரண்டி வைப்பதும் எடுப்பதுமாக நிற்பதைப் பார்த்தால் மகளுக்கு அட்டியல் செய்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஒரு யோசனை சொன்னேன்.

"இண்டைக்கு மட்டும் முட்டையை விட்டால் என்ன?"

மகள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அப்பா, வலிப்பு வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறேல்லை."

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் முட்டை அவித்தவன் நான். மணத்துக்கு மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு அவித்தேன்.

எங்கள் ஆட்கள் பிள்ளை உள்ள வீட்டுக்கு வெறுங்கையுடன் வரமாட்டார்கள். பிஸ்கட், கேக், கிரீம் பணிஸ், கோயிலிலிருந்து வருகிறவர்கள் கற்கண்டு. மற்ற வீடுகளில் இது அன்பு. எங்கள் வீட்டில் இது முற்றுகை. எதையாவது சொல்லித்தான் மறுக்க வேண்டும். மகள் நேராகச் சொன்னாள்.

"ஆக்களுக்கு உண்மையைச் சொல்லுவம் அப்பா. ஒளிச்சு என்ன செய்யப் போறம்?"

"பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசிற நேரம் ஆரும் இதைத் தூக்கிப் பிடிப்பினம்."

"அப்பா, அவளுக்கு இன்னும் பல்லு முளைச்சு முடியேல்லை."

எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்த நாளே லிஃப்டுக்குள் சந்தர்ப்பம் வந்தது. கீழ்மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். கணவருக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை இருந்தது. இப்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவரைக் கட்டடம் முழுக்க ஹாஜியார் என்பார்கள், அவர் மனைவியை ராத்தா என்பார்கள். ராத்தாவின் கைப்பையில் எப்போதும் டொஃபி இருக்கும். ஹாஜியாருக்கு சீனி வருத்தம் முற்றியது. திடீரென்று சீனி இறங்கி மயங்கிவிடுவார் என்பதற்காக ராத்தா பையில் டொஃபியும் வீட்டில் குளுக்கோஸும் வைத்திருந்தார். அன்று பேத்தியின் கையில் ஒரு டொஃபியை வைத்தார். நான் பறித்தேன்.

"குடுக்கக் கூடாது. பிள்ளைக்குச் சீனி வருத்தம்" என்றேன்.

சொன்னது நாக்குத்தான், ஆனால் தடுத்திருக்க வேண்டியவனும் நான்தான். ராத்தா நெஞ்சில் கையை வைத்தார்.

"யா அல்லாஹ், இந்தப் பச்சப் புள்ளக்கா? மாஸ்டர், நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம். எங்கட ஆளோட பட்ட பாட்டுல எனக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு."

மாலைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. பிஸ்கட் வருவது நின்றது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் எதிர்வீட்டு ஐயா கதவைத் தட்டினார். கையில் சீனிக்காரருக்கென்றே அவித்த குரக்கன் பிட்டும் பாகற்காய்ச் சாறும்.

"இனி நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்று பேத்தியிடம் சொன்னார். என்னிடம், "காலமை எவ்வளவு?" என்றார்.

"ஆருக்கு?"

"பிள்ளைக்கு."

பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு காலையும் நம்பத்தகுந்த ஒரு தொகையைக் கற்பனை செய்தேன். ஒரே தொகையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று கூட்டியும் குறைத்தும் சொன்னேன். குறையும் நாளில் ஐயா மகிழ்ந்தார். கூடும் நாளில் பாகற்காய் வந்தது. பாகற்காயை நான் குடித்தேன். குரக்கன் பிட்டையும் நானே சாப்பிட்டேன். பொய்க்கு ஏதாவது தண்டனை உண்டென்றால் அது அந்தச் சாறுதான் என்று அப்போது நினைத்தேன்.

இதற்கிடையில் பட்டர் வேலை செய்தது. சில வாரங்களில் விழுவது குறைந்தது. பிறகு வெறித்துப் பார்ப்பது குறைந்தது. காலையில் அவள் சிறுநீரில் ஒரு தாள்துண்டை நனைத்துப் பார்க்க வேண்டும். ஊதா நிறம் வந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்று அர்த்தம். மருமகன் அதை வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல ஊதா மாமா" என்பார். நானும் எட்டிப் பார்த்து, "முதல்தரம்" என்பேன். சிறுநீரைப் பார்த்து இரண்டு படித்த ஆண்கள் இப்படி மகிழ்வதை மகள் தலையில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள்.

ஒரு மருந்தை மெல்லக் குறைத்தார்கள். அவள் விழித்திருக்கத் தொடங்கினாள். விழித்திருந்தவள் முதன்முதலாகச் செய்த காரியம் என் கண்ணாடியை உடைத்தது. நான் அதைக் கொண்டாடினேன். பிறகு ஒரு நாள் காலை, மகள் கடைசிக் கரண்டிப் பட்டரை வாயருகே கொண்டு போனாள். பேத்தி கரண்டியைத் தட்டிவிட்டு, தெளிவாக, சலிப்போடு சொன்னாள்.

"காணும்."

போதும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எத்தனையோ காலம் சொல்லில்லாமல் இருந்த பிள்ளையின் முதல் சொல். அம்மா என்று சொல்வாள் என்று மகள் காத்திருந்தாள். நான் அம்மப்பா என்பாள் என்று, யாருக்கும் சொல்லாமல், காத்திருந்தேன். அவளோ எங்கள் எல்லோரையும் பார்த்துக் காணும் என்றாள். மகள் கரண்டியைக் கையில் வைத்தபடி குசினிக்குள் போய் அழுதாள். அதன்பிறகு பேத்தி அதை எல்லாவற்றுக்கும் சொன்னாள். குளிக்க வார்த்தால் காணும். நான் நரம்புமண்டலத்தைப் பற்றி அவளுக்கு விளங்கப்படுத்தினால் காணும். முப்பது வருடத்துக்கு மேல் என் மாணவர்கள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை அவள் சொன்னாள்.

அந்தச் சொல்தான் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி. உள்ளே பிள்ளை இருக்கிறாள், வழி விட்டால் வெளியே வருவாள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அவளுடைய ஒரு மருந்து பொரளையில் ஒரு பாமசியில்தான் கிடைக்கும். அன்று முடிந்துபோனது தெரியவந்தபோது மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெயில் கொளுத்தியது. பிள்ளையை பஸ்ஸில் இழுத்துப்போக மனமில்லை. லிஃப்டும் வேலை செய்யவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கும்போது ராத்தா கதவடியில் நின்றார்.

"புள்ளைய உட்டுட்டுப் போங்க மாஸ்டர். நான் பாத்துக்கொள்றேன்."

"சாப்பாடு ஒண்டும் குடுக்க வேண்டாம்" என்றேன்.

"எனக்குச் சொல்லித் தரணுமா? சீனிக்காரனோட வாழ்ந்தவ நான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். படியில் வேறு ஒருவரும் இல்லை. நான் "தெரியும்தானே" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது ராத்தா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஹாஜியார் கைத்தடியோடு வாசலில் நின்றார். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, ராத்தா முச்சக்கரவண்டியில் தூக்கிப் போனார் என்றார். நடந்தது இதுதான். பேத்தியின் கண் நிலைகுத்தியிருக்கிறது, உடம்பு உதறியிருக்கிறது. சீனி வருத்தக்காரப் பிள்ளை இப்படிச் செய்தால் சீனி இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? கணவருக்கு வழக்கமாகச் செய்வதையே ராத்தா செய்தார். குளுக்கோஸை அள்ளி வாய்க்குள் போட்டார். வலிப்பு வந்த வாயால் விழுங்க முடியாது. தூள் மூச்சுக்குழாய்க்குள் போனது. பிள்ளை நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் நெஞ்சுக்குள் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. குழாய் வழியே ஏற்றிய மருந்தும் போன குளுக்கோஸும் காய்ச்சலும் சேர்ந்து, அத்தனை மாதப் பட்டரும் கரைந்தது. ஊதா போய்த் தாள் வெளிறியது. அடங்கியிருந்த வலிப்பு வரிசையாக வந்தது.

வைத்தியர் வந்து, "யார் வாயில் சீனி போட்டது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். ராத்தா எழும்பி நின்றார். முந்தானை முழுக்கக் குளுக்கோஸ்.

"நான்தான். சீனி கொறஞ்சிட்டுண்டு நெனச்சேன். புள்ளய நான்தான் இப்பிடி ஆக்கிட்டேன்."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எதிர்ச் சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை மூன்று மொழியிலும் வாசித்து முடித்தேன்.

பேத்தி வீட்டுக்கு வந்தாள், ஆனால் பழையபடி தூங்கினாள். மருமகன் மறுபடியும் தராசை எடுத்தார். பட்டர் ஊட்டினோம். எவ்வளவு ஊட்டினாலும் வாயைத் திறந்து வாங்கினாள். ஒருமுறைகூடக் காணும் என்று சொல்லவில்லை. கூடுதலாக ஒரு கரண்டி வைத்துப் பார்த்தேன், சொல்வாளோ என்று. விழுங்கினாள். மருமகன் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கரண்டியைக் கழுவப் போனேன்.

ராத்தா படியில் தென்படுவது நின்றது. ஹாஜியாரை லிஃப்டுக்குள் கண்டேன். "சாப்பிடுறா இல்ல மாஸ்டர். புள்ளைக்கு நஞ்சு குடுத்த கை எண்டு கையையே பாத்துக்கொண்டு ஈக்கிறா" என்றார். அதை மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அந்த மனிசி உங்கட பொய்யைச் சுமக்கிறா அப்பா. நீங்கள் இஞ்ச இருந்து பேப்பர் வாசிக்கிறியள். நான் சொல்லவோ, நீங்கள் சொல்லுறியளோ?"

பரீட்சையில் லேசான கேள்வியை முதலில் எழுது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். ஆகவே முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பேத்திக்குச் சீனி வருத்தம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, அது வலிப்பு என்று ஐயாவிடம் சொன்னேன்.

"அப்ப, நீங்கள் காலமை காலமை சொன்ன தொகை?"

"கற்பனை."

"பிள்ளைக்குக் குடுத்த பட்டர்?"

"அது வலிப்புக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்தேன்.

"மாஸ்டர், சீனிக்குப் பட்டர்தான் புது வைத்தியம் எண்டு நான் நினைச்சன். உங்கட மருமகன் பெட்டி பெட்டியாய்க் கொண்டாறதைப் பாத்து நானும் அண்டையிலிருந்து தின்னுறன். போன கிழமை டொக்டர் என்ர கொலஸ்ட்ரோலைப் பாத்திட்டு, பெரியவர் தற்கொலை செய்யப் போறியளோ எண்டு கேட்டவர்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "கும்பிட்டதும் அதுதானோ?" என்று மெல்லக் கேட்டார். தலையசைத்து ஓம் என்றேன். அவரும் குழந்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களில் ஒருவர். நான் வெளியேறும்போது, "குரக்கன் பிட்டு ஆர் சாப்பிட்டது?" என்றார். நான் என்றேன். "அதெண்டாலும் வீண்போகேல்லை" என்று கதவைச் சாத்தினார்.

பிறகு பேத்தியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். தனியே போகத் துணிவில்லை என்பதுதான் உண்மை. ராத்தா கதவைத் திறந்தார். பிள்ளையைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கதிரையில் இருந்தேன். ஹாஜியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே தெரிந்த இடத்தில் தொடங்கினேன். மூளை என்பது கோடிக்கணக்கான கலங்களால் ஆனது என்றேன். அவை மின்கணத்தாக்கங்களால் ஒன்றோடொன்று பேசுகின்றன என்றேன். மேசையில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில் ஒரு நரம்புக்கலமும் கீறினேன்.

"மாஸ்டர்" என்றார் ஹாஜியார், "நீங்க எங்களுக்கு வகுப்பா எடுக்குறீங்க?"

பேனையை வைத்தேன். "பிள்ளைக்குச் சீனி வருத்தம் இல்லை. வலிப்பு. வெட்கத்தில பொய் சொன்னனான். நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. செய்தது நான்."

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார்.

"வலிப்பா?"

"ஓம்."

"வலிப்புண்டு ஒரு சொல்லு சொல்லி ஈந்தீங்கண்டா, நான் வாயில ஒண்டும் போட்டீக்க மாட்டேனே மாஸ்டர். எங்கட ஊட்டுல பெரியவங்க செய்ற மாதிரி சாவிக்கொத்தக் கையில குடுத்துட்டு, உங்களக் கூப்புட்டீப்பேன்."

சாவிக்கொத்து வலிப்பை நிறுத்தாது. முப்பது வருடமாக வகுப்பில் நான் சிரித்துத் தள்ளிய நம்பிக்கை அது. ஆனால் சாவிக்கொத்து எந்தப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள்ளும் போனதில்லை. என் படிப்பை நம்பி நான் உண்டாக்கிய பொய்தான் போனது.

ராத்தா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நீட்டினார். பேத்தி போனாள். மடியில் ஏறி, ராத்தாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் தட்டத் தொடங்கினாள். எனக்கு அத்தோடு எழும்பத் தெரியவில்லை. மறுபடி மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றதற்குத் தனியாகக் கேட்டேன். அந்தச் சுவர்ப்படத்தைப் பற்றிச் சொன்னேன். வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லி, நானே சோபாவில் சரிந்து படுத்துக் காட்டினேன். ஹாஜியார் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். எழும்பி இருந்து மூன்றாவது முறையாக மன்னிப்புத் தொடங்கினேன்; குற்றம் முழுக்க என்னுடையது என்றும், நான் படித்த படிப்புக்கு இது அழகல்ல என்றும், இதை என் ஆயுளுக்கும்...

சாவிச் சத்தம் நின்றது. பேத்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் யாரையும் அப்படி நேராகப் பார்க்கவில்லை.

"காணும்" என்றாள்.